ஓரக்குறிப்பில் ஒரு வரி

அத்தியாயம் 11

பெட்டியும் கையுமாக உமையாள் கோயம்புத்தூரில் இருக்கும் புருஷன் வீட்டை விட்டுக் காரைக்குடிக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஏன் வந்தாள் என்று கேட்டு நீங்கள் எழுதும் கடிதங்கள் வாராவாரம் வந்து குவிகின்றன. நான் என்ன செய்ய? பெற்ற அப்பச்சியிடமே வாய் திறக்காதவள் என்னிடம் மட்டும் சொல்லிவிடப் போகிறாளா?

தெரிந்ததைச் சொல்கிறேன். செக்காலை ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டில் மூன்று பேர். அப்பச்சி சொக்கலிங்கம், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்தவள் உமையாள். இளையவள் சௌபர்ணிகா, சிவகங்கையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஆத்தா மீனம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். சௌபர்ணிகாவுக்கு நெற்குப்பையில் மாப்பிள்ளை முடித்தாயிற்று. பையன் பெயர் கண்ணன். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான்.

புதன்கிழமை காலை ஏழு மணி. சௌபர்ணிகா பஸ்ஸுக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, கல்யாணச் சாமான் எப்ப எறங்குதுன்னு கேட்டா அப்பச்சி வரும் வரும்ங்கிறாக. ஒருநாளும் தேதி சொல்ல மாட்டேங்கிறாக. ஒங்க கடைல ஒரு ஏஐ பேசுமே, தாமரையோ என்னமோ, அதுட்டக் கேட்டாச் சொல்லுமா?"

அப்பாவை அப்பச்சி என்றும் அக்காளை ஆச்சி என்றும் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். மரியாதைக்கு வெளியாரும் ஆச்சி என்பார்கள்.

"அத நேத்து மூடிட்டாக. இன்னைக்கு நாலு மணிக்குத் தொறக்கணும். நாந்தான் எழுதிக் கொடுக்கணும்."

"அப்ப சாயங்காலம் வந்து கேட்டுக்கிறேன். நீங்க சாப்பிட்டீகளா?"

"ம்."

சாப்பிடவில்லை. எதைக் கேட்டாலும் 'ம்' என்பது அவளுக்குப் பழகிவிட்டது. அவளுக்குத் துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. துக்கம் என்றால் அழுகை வரவேண்டுமே? பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படித்தான் உமையாள் இருந்தாள். தொட்டால் தொட்டது தெரியும். அவ்வளவுதான்.

வேலையை மட்டும் விடவில்லை. செக்காலை ரோட்டில் மூணுவாசக் கடை என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். கல்யாணச் சாமான் கடை. பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, மங்குத் தட்டு, வெள்ளிக் கும்பா எல்லாம் இப்போது ஆன்லைனில் மலேசியா வரைக்கும் போகிறது. அந்த ஆன்லைன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கோபிநாத். அவருக்காக உமையாள் வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கிறாள். என்ன எழுதுகிறாள்? அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் இன்றைய கதை ஓடும்.

வாடிக்கையாளர் "என் சாமான் எங்கே?" என்று கேட்டால், தாமரை என்கிற ஏஐ ஒரு கருவியை எடுத்துக் கடையின் ஆர்டர்களைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும். அந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், என்ன கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும், அது கொண்டுவருகிற விவரத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஏஐக்குப் புரிகிற மாதிரி எழுதிவைக்க வேண்டும். மனுஷருக்கு எழுதினால் பாதி எழுதினால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். ஏஐ அப்படியில்லை. எழுதியதை அப்படியே நம்பும். எழுதாத இடத்தில் தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும். வம்பெல்லாம் அங்கேதான் வரும்.

வம்பு வந்தும்விட்டது. திங்கட்கிழமை தேவகோட்டைப் பெரியவர் ஒருவர் தன் அண்டா எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். தாமரை சொன்ன பதில் இது: "உங்கள் அண்டா நாளை வந்து சேரும், ஐயா. நீங்கள் தொட்டதற்கெல்லாம் குறை சொல்பவர் என்பதால் உங்களிடம் பொறுமையாகப் பேசும்படி குறிப்பு உள்ளது."

பெரியவர் காரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். மூன்று வாசலுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுவிட்டுத்தான் போனாராம்.

இதில் ஏஐயைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. மூணுவாசக் கடையின் பழைய ஆர்டர் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் சாமான், அந்தப் பக்கம் வீட்டு சமாச்சாரம். 'சம்பந்திகளுக்குள் பேச்சு வார்த்தை இல்லை, தனித்தனியாக போன் செய்யவும்.' 'பெண்ணுக்குத் தாயார் இல்லை, சித்தியிடம் கேட்கவும்.' கல்யாண வியாபாரத்தில் இது தெரியாமல் காலம் தள்ள முடியாது. கம்ப்யூட்டர் வந்தபோது நோட்டை மாற்றினார்கள், ஓரத்தை மட்டும் விடவில்லை. 'ஓரக்குறிப்பு' என்று அதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்கள். கருவியைச் செய்து கொடுத்த சென்னைக் கம்பெனிக்கு இந்தச் சங்கதி எப்படித் தெரியும்? 'கிடைக்கும் விவரங்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

பத்து மணிக்கு கோபிநாத் போன் செய்தார்.

"ஆச்சி, நாலு மணிக்கு ஓனர் நேர்ல உக்காந்து பாக்கப்போறாக. முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

"ஓரக்குறிப்பு மேட்டர் மட்டும் கொஞ்சம் பாத்து..."

"ம்."

உமையாள் எழுத உட்கார்ந்தாள். ஆர்டர் எண்ணும் போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணும் வாங்காமல் தேடாதே என்று எழுதினாள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் தேடாதே என்று எழுதினாள். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கிற ஊரில் பெயரை நம்பி என்ன செய்வது? அடுத்தது இன்னொரு சிக்கல். கல்யாணச் சாமானுக்கு ஆர்டர் போடுகிறவர் பெண்ணின் அப்பா, பெற்றுக்கொள்கிறவள் பெண். இருவரில் யாருக்கு எவ்வளவு சொல்லலாம்? இதற்கு ஓர் உண்மையான ஆர்டரை எடுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

வெளியில் தேடுவானேன், வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே. சௌபர்ணிகாவின் சாமான் ஆர்டர். சோதித்துப் பார்ப்பதற்கென்று கோபிநாத் கொடுத்திருந்த பக்கத்தில் அப்பச்சியின் நம்பரைப் போட்டாள். கருவி ஒரு நொடியில் கொண்டுவந்து வைத்தது.

ஆர்டர் போட்டவர்: சொக்கலிங்கம். பெறுபவர்: சௌபர்ணிகா. உருப்படிகள்: முப்பத்தொன்று. நிலவரம்: நிறுத்தி வைக்கப்பட்டது.

அதற்குக் கீழே ஓரக்குறிப்பு: 'மூத்த பெண் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அனுப்பினால் போதும். பெண்களுக்குத் தெரிய வேண்டாம். ரேணுகா.'

உமையாள் இரண்டு முறை படித்தாள். முதலில் அவளுக்குத் தோன்றியது, 'பெண்களுக்கு' என்றால் எந்தப் பெண்களுக்கு என்று சரியாக எழுதவில்லையே என்பதுதான். பிறகுதான் அந்த மூத்த பெண் தான் என்று புரிந்தது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

போனை எடுத்து ரேணுகாவைக் கூப்பிட்டாள். ரேணுகா கடையில் ஆர்டர் எடுக்கிற பெண். அவளுக்கு உமையாளை எழுதிக் கொடுக்கிற ஆச்சி என்றுதான் தெரியும், யார் வீட்டுப் பெண் என்று தெரியாது.

"ரேணுகா, சொக்கலிங்கம்னு ஒரு ஆர்டர். நிறுத்திவச்சிருக்கு. அதுல என்ன விவரம்?"

"அதுவா ஆச்சி? போன வெள்ளிக்கெழம அந்த ஐயா போன் பண்ணுனாக. சம்பந்தி வீடு நெற்குப்பையாம். மூத்த பொண்ணு வாழாம வந்து வீட்ல உக்காந்திருக்காம். அது புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேந்தாத்தான் மேக்கொண்டு பேசலாம்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாகளாம். பாவம் ஆச்சி, போன்லயே அந்த ஐயாவுக்குக் குரல் தழுதழுத்துப்போச்சு."

"ம்."

"அந்தப் பொண்ணுக்காவது கொஞ்சம் யோசன வேணாமா ஆச்சி? தங்கச்சி கல்யாணமில்ல?"

"வச்சிர்றேன் ரேணுகா," என்று போனை வைத்தாள்.

பகல் ஒரு மணிக்கு அப்பச்சிக்குச் சாப்பாடு போட்டாள். கத்திரிக்காய்க் கூட்டு, ரசம். சொக்கலிங்கம் தலையைக் குனிந்தே சாப்பிட்டார்.

"சாமான் எப்ப வருது அப்பச்சி?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "வரும்த்தா," என்றார்.

உமையாள் மோர் ஊற்றினாள். அவரும் போதும் என்று சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. மோர் தட்டு விளிம்புக்கு வந்த பிறகுதான் இரண்டு பேரும் கவனித்தார்கள்.

இரண்டு மணிக்கு மறுபடி எழுத உட்கார்ந்தாள். இனி ஓரக்குறிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்கு ஓர் ஆசை வந்தது. அந்த இடத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிட்டால்? சாயங்காலம் சௌபர்ணிகா கேட்பாள். தேவகோட்டைப் பெரியவருக்குச் சொன்ன மாதிரி தாமரை எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். தான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஆனால் அதே வாயால் ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுச் சங்கதியையும் அல்லவா அது சொல்லிவிடும்? தன் வீட்டுக்கு ஒரு நியாயம், அடுத்த வீட்டுக்கு ஒரு நியாயமா? எழுதினாள்: 'ஓரக்குறிப்பு கடைக்காரர்களுக்கு மட்டும். யார் கேட்டாலும் அதில் உள்ளதைச் சொல்லாதே.'

மூன்று மணிக்கு, அதுவரை எழுதியதைப் பார்த்துவிட்டு கோபிநாத் மறுபடி கூப்பிட்டார்.

"நல்லா இருக்கு ஆச்சி. ஒண்ணே ஒண்ணு. ஆர்டர நிறுத்தி வச்சிருந்தா, ஏன் நிறுத்துனீகன்னு கேப்பாகள்ல? அப்ப, காரணம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லிருவமா? வம்பில்லாமப் போயிரும்."

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று உமையாள் நினைத்துப் பார்த்தாள்.

தெரியாது என்று எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி. தங்கை கேட்பாள், தெரியாது என்று வரும். கடையில் ஏதோ குழப்பம் என்று அப்பச்சி சொல்லுவார். அதற்குள் தன்னை யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாளே முப்பத்தொரு உருப்படியும் வந்து இறங்கிவிடும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். இந்த வீடு பதினான்கு மாதமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அதுக்குத் தெரியுமே கோபிநாத்," என்றாள்.

"எதுக்கு ஆச்சி?"

"தாமரைக்கு. காரணம் அது கண்ணு முன்னாடிதான இருக்கு? தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்லச் சொல்லி நான் எழுத மாட்டேன். நாளைக்கு அது எல்லாத்துலயும் பொய் சொல்லும்."

"அப்ப என்ன எழுதப்போறீக?"

"எழுதி அனுப்புறேன். பாருங்க."

எழுதினாள். 'ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பெறுபவருக்கும் சொல். காரணம் தெரியாது என்று சொல்லாதே. காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று சொல். ஆர்டர் போட்டவரை நேரில் கேட்கச் சொல். எழுதாத ஒன்றை நீயாக நினைத்துக்கொள்ளாதே.'

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள். நான்கரைக்குக் கோபிநாத்திடமிருந்து செய்தி வந்தது. ஓனருக்குத் திருப்தியாம், தாமரை திறந்தாயிற்றாம்.

ஐந்தே முக்காலுக்கு சௌபர்ணிகா வந்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனைத் தட்டினாள். எதிர் நாற்காலியில் அப்பச்சி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் இருந்தது. உமையாள் அதன் பக்கத்தில் நின்றாள்.

"ஆர்டர் நம்பர் கேக்குது. போன் நம்பர் கேக்குது. ம், தேடுதாம்," என்றவள் நிறுத்தினாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'இந்த ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆர்டர் போட்டவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.' என்ன அப்பச்சி இது? நிறுத்துனீகளா?"

சொக்கலிங்கம் தம்ளரைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் தப்பா வந்திருக்கும்த்தா. நாளைக்குக் கடைக்குப் போய்ப் பாக்குறேன்."

"தப்பா வரல அப்பச்சி," என்றாள் உமையாள்.

இருவரும் திரும்பினார்கள். அவளாக வாய் திறந்து ஒருவர் பேச்சை மறுத்து எத்தனையோ நாள் ஆயிற்று.

"அதுக்குக் காரணம் தெரியும். சொல்லக் கூடாதுன்னு நாந்தான் எழுதிக் கொடுத்தேன்."

அப்பச்சியின் முகம் வெளுத்தது. "நீ பாத்துட்டியா?"

"பதினோரு மணிக்கே பாத்துட்டேன்."

"மத்தியானம் சோறு போட்டியே. ஒண்ணுமே கேக்கலயே."

"கேட்டேனே அப்பச்சி. வரும்னீக."

சௌபர்ணிகா எழுந்துவிட்டாள். "ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறீக? எனக்கு யாராச்சும் சொல்லப்போறீகளா இல்லையா?"

"நான் ஒங்க அயித்தான் வீட்டுக்குப் போனாத்தான் ஒன் சாமான் வரும் சௌபி. நெற்குப்பைல அப்புடிச் சொல்லிட்டாக."

தோளிலிருந்த பை நழுவி விழுந்தது. உள்ளே இருந்த விடைத்தாள் கட்டு தரையில் பரவியது. யாரும் பொறுக்கவில்லை.

"கண்ணனுக்கு இது தெரியுமா?" என்று சௌபர்ணிகா கேட்டாள்.

"தெரியாதுத்தா. தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"எனக்கு அந்தச் சாமானே வேணாம். இப்பவே போன் பண்ணி எல்லாத்தையும் வேணாம்னு சொல்லுங்க."

"பொறு சௌபி," என்றாள் உமையாள். "அப்பச்சி, இன்னும் ஏதோ இருக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்தாத் தெரியுது."

சொக்கலிங்கம் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழம கோயம்புத்தூர் மாப்பிள்ளை வாராக. ஒன்னயக் கூட்டிட்டுப் போக. நாந்தான் வரச்சொன்னேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. உமையாள் திரும்பி அடுப்பை அணைத்தாள்.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்னத்தா சொல்லிருப்ப? ம்ன்னுருப்ப." அவர் தம்ளரைத் தள்ளி வைத்தார். "நீ வந்த அன்னைக்குப் பெட்டிய வாங்கி வச்சேன். என்னமோ சண்ட, அழுவ, அப்பறம் சொல்லுவன்னு இருந்தேன். நீ அழவும் இல்ல, சொல்லவும் இல்ல. திட்டவாவது திட்டினியா அவுகள? இல்ல. அப்ப பெருசா ஒண்ணும் இருக்காது, கூப்பிட்டாப் போயிருவன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

நானா நெனச்சுக்கிட்டேன். மத்தியானம் தான் எழுதி அனுப்பிய கடைசி வரி உமையாளுக்கு ஞாபகம் வந்தது. ஓர் ஏஐக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தவள், பெற்றவருக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் வேறு எதை நினைப்பார்? அவர் மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கீழுதடு தானாக நடுங்கியது. பல் டாக்டர் போட்ட ஊசியின் மரப்பு விடுகிற நேரத்தில் முதலில் வலிதான் தெரியும். அவளுக்கு இப்போது நன்றாக வலித்தது.

அப்பச்சிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சௌபி, நீயும் ஒக்காரு."

சௌபர்ணிகா விடைத்தாள்களைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். உமையாள் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"வெள்ளிக்கெழம அவுக வந்து நிக்கிறதுக்கு முந்தி, நான் ஏன் வந்தேன்னு ஒங்களுக்குத் தெரியணும் அப்பச்சி," என்றாள். "கல்யாணமான மூணாம் மாசத்துலருந்து சொல்லணும்."